கற்பனை உலகிற்குத் தேசப்படம் வரைதல்

1881ஆம் ஆண்டு, கோடை கழியும் காலத்தில், ஸ்கொத்லாந்தின் பிரேமார் என்னும் ஊரில் ஓயாத மழையால் வீட்டினுள் அடைபட்டிருந்த றொபேட் லூயி ஸ்ரீவன்சன், தம் மனைவியின் மகனாகிய சிறுவனோடு பொழுது போக்கும் பொருட்டுத் தீவொன்றின் படத்தை வரைந்து அதற்கு வர்ணமும் தீட்டினார். அத்தீவு உலகில் எவ்விடத்தும் இல்லாதது. ஆயினும் அதன் காடுகளையும் குடாக்களையும் அவர் நோக்கியிருந்த அளவிலேயே கதைமாந்தர் அங்கு நடமாடத் தொடங்கினர். 'புதையல் தீவு' என்னும் நாவல் இவ்வாறு ஒரு படத்தினின்றும் பிறந்தது. 1883இல் அது நூலுருப் பெறவிருந்த வேளையில் இடையூறு ஒன்று நேர்ந்தது. அச்சுக்கென அனுப்பப்பெற்ற மூலப்படம் பதிப்பகத்தாரைச் சென்றடையவில்லை. ஆசிரியர் தம் நூலைத் தொடக்கமுதல் ஈறுவரை ஆராய்ந்து, திசையும் தூரமும் பற்றி அதில் வந்த குறிப்புகளை எல்லாந் திரட்டி, அவற்றுள் ஒன்றோடும் முரணாதவாறு புதிய படமொன்றை வரைய வேண்டியவரானார். முதற்படம் விளையாட்டாகத் தோன்றியது. இரண்டாம் படமோ பெருந்தொல்லையாய் முடிந்தது.

இவ்வேறுபாடு சிந்தித்தற்குரியது. இல்லாத தீவேயாயினும், மலை இவ்விடம், ஆறு இவ்விடம் என ஒருமுறை வகுத்துவிட்டால், வகுத்தவனையே அவ்வகுப்புக் கட்டுப்படுத்துகின்றது. கற்பனைக்கும் நிலவமைதி உண்டு. அதனை மீறிய கற்பனையை வாசகன் நம்புவதில்லை. இவ்வுண்மையைப் பிற ஆசிரியரும் உணர்ந்திருந்தனர். தோமஸ் மோரின் 'உற்றோப்பியா' 1516இல் முதன்முதல் வெளிவந்தபோதே மரச்செதுக்குப் படமொன்றைத் தாங்கி வந்தது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியான 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருங்கதையின் ஆசிரியர் ரொல்கீன், முதலிற் படத்தை அமைத்துக்கொண்டு கதையை அதற்கு இசைவித்ததாகக் கூறினார். இதனை மாற்றிச் செய்யின் குழப்பமே எஞ்சும் என்பது அவர் கருத்து. கதைமாந்தர் ஒரு நாளில் எத்துணைத் தூரம் நடப்பர் என்பதைக்கூட அவர் கணக்கிட்டே எழுதினார்.

அந்நாளில் மையும் தூரிகையும் கைத்திறனும் வேண்டிய இத்தொழிலை, இக்காலத்திற் கணினியின் துணையால் மாணவர் எவரும் பயிலலாம். தோமஸ் நோல், யோன் நோல் என்னும் சகோதரர் இருவரின் முயற்சியால் உருவான 'போட்டோஷொப்' என்னும் படத்தொகுப்பு மென்பொருள் 1990இல் விற்பனைக்கு வந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மாணவர் இருவர் ஆக்கிய 'கிம்ப்' என்னும் இலவச மென்பொருள் 1996இல் வெளியாயிற்று. இவற்றுள் ஒன்றைக் கொண்டு, விண்ணிலிருந்து பிடித்த நிழற்படம் போலத் தோன்றும் ஒரு கண்டத்தைச் சில மாலைப்பொழுதுகளில் ஆக்கிவிடலாம். எனினும் அவ்வாறு ஆக்கப்படும் படங்களுட் பல, முதற்பார்வைக்கு வியப்பையும் இரண்டாம் பார்வைக்கு ஐயத்தையும் தருவன. கருவி தரவல்லது தோற்றம். நிலத்திற்கு உயிர் தருவது காரணம். மென்பொருளின் கட்டளைகளைக் கற்பதோடு அமையாது, நிலம் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதையும் கற்பவனே நம்பத்தக்க படத்தை வரைவான். அப்பயிற்சி நடைபெறும் முறை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றது.

அடுக்குகள்

கணினித் திரையிற் காணும் படம் எண்ணிறந்த சிறு புள்ளிகளால் ஆனது. பிக்சல் எனப்படும் அப்புள்ளி ஒவ்வொன்றும் ஓர் எண்ணாக அல்லது சில எண்களாக நினைவகத்தில் இருக்கும். கருமைக்குச் சுழியும் வெண்மைக்கு 255உம் என வைத்துக்கொள்ளின், இடைப்பட்ட எண்கள் யாவும் சாம்பல் நிறத்தின் படிகளாம். படத்தொகுப்பு மென்பொருள் செய்வதெல்லாம் இவ்வெண்களைக் கூட்டுதலும் பெருக்குதலும் ஒப்பிடுதலுமே.

போட்டோஷொப்பில் 1994இற் சேர்க்கப்பட்ட லேயர் என்னும் அடுக்கு முறை, தேசப்படம் வரைவோர்க்குப் பெருந்துணையாயிற்று. கண்ணாடித் தாள்கள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக வைத்து, கடலை ஒன்றிலும் நிலத்தை ஒன்றிலும் ஆற்றை வேறொன்றிலும் எழுத்தைப் பிறிதொன்றிலும் வரைந்தாற்போல, ஒவ்வொரு பொருளும் தனித்தனி அடுக்கில் நிற்கும். ஆற்றின் போக்குப் பிழையெனக் காணின், மலையைத் தொடாமலே ஆற்றை மட்டும் அழித்து வரையலாம். தொடக்கநிலை மாணவர் செய்யும் பெருந்தவறு எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வரைவதாகும். பிழை திருத்த இடம் வைத்து வரைவதே இத்தொழிலின் முதற்பாடம்.

கரையோரம்

கரையோரத்தைக் கையால் வரைவோர், தம்மை அறியாமலே ஒரே அளவான வளைவுகளை வரைந்துவிடுவர். இயற்கையின் கரையோ பெரிய குடாவினுட் சிறு குடாவும், அதனுள் இன்னுஞ் சிறியதுமாக நுணுகிச் செல்லும். போர்களின் காரணங்களை ஆராயப் புகுந்த ஆங்கில அறிஞர் லூயிஸ் பிறை றிச்சட்சன், ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் பொதுவான எல்லையின் நீளம் 987 கி.மீ. என ஓரிடத்தும் 1,214 கி.மீ. என வேறோரிடத்தும் குறிக்கப்பட்டிருக்கக் கண்டார். அளக்குங் கோல் குறுகக் குறுக, அளவுபடும் நீளம் மிகுவதே இதன் காரணம். இதனை விரித்து 1967இல் பெனுவா மண்டல்புரோட் எழுதிய கட்டுரை, பிரித்தானியாவின் கரை எவ்வளவு நீளமானது என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டது. ஒரு கரையின் நெளிவை எண்ணால் அளக்கலாம் என்பது அதனால் விளங்கிற்று: நேர்கோட்டிற்கு 1 எனக் கொள்ளின், பிரித்தானியாவின் மேற்குக் கரைக்கு அது ஏறக்குறைய 1.25, மென்மையாக ஓடும் தென்னாபிரிக்கக் கரைக்கு 1.02.

இத்தகைய நுணுக்கத்தைக் கணினியில் விளைவிக்கும் வழியைக் கென் பேர்ளின் என்பார் கண்டார். 1982இல் வெளிவந்த 'ட்ரோன்' என்னும் திரைப்படத்திற் பணியாற்றிய அவர், கணினி வரைந்த பரப்புகள் இயற்கைக்கு மாறான வழுவழுப்போடு இருத்தலைக் கண்டு மனநிறைவு கொள்ளாது, ஒழுங்கும் ஒழுங்கின்மையுங் கலந்த ஒரு சிதறலைக் கணிதத்தால் ஆக்கி 1985இல் வெளியிட்டார். பெரிய அலைவின்மேற் சிறிய அலைவையும், அதன்மேல் இன்னுஞ் சிறியதையும் ஏற்றிச் செல்லும் முறை அது. படத்தொகுப்பு மென்பொருள்களில் 'மேகம்' என்னும் பெயரோடு காணப்படும் கட்டளை இவ்வினத்தைச் சார்ந்தது. அதனை ஏவினால் திரை முழுவதும் கருமையும் வெண்மையும் கலந்த முகிற்கூட்டம் போல ஒரு பரப்புத் தோன்றும்.

இனி, குறித்த ஓர் எண்ணினும் ஒளி மிகுந்த புள்ளிகளை வெண்மையாகவும் குறைந்தவற்றைக் கருமையாகவும் மாற்றுவது 'திரெஷோல்ட்' என்னும் கட்டளை. முகிற்பரப்பின்மீது இதனைச் செலுத்தியவுடன், வெண்மை நிலமாகவும் கருமை கடலாகவும் பிரிந்து, நெளிவு மிக்க கரைகளையுடைய தீவுகள் பல தோன்றும். பயில்வோன் மகிழ்ச்சியடைவது இவ்விடத்திலேயே, ஏமாறுவதும் இவ்விடத்திலேயே. தற்செயலாகச் சிதறிய அத்தீவுகள் யாதொரு வரலாறும் இல்லாதவை.

இதற்கு மாற்று எளிது. கருநிறத் தளத்தின்மீது தான் விரும்பிய கண்டத்தின் பருவடிவைச் சாம்பல் நிறத்தாற் பரும்படியாக வரைந்து, அதன் விளிம்பு கரைந்து செல்லுமாறு மங்கச் செய்து, அதன்பின் முகிற்பரப்பை அதனோடு கலத்தல் வேண்டும். அப்பொழுது கண்டத்தின் நடுப்பகுதி ஐயமின்றி நிலமாகும். ஆழ்கடல் ஐயமின்றிக் கடலாகும். விளிம்பில் மட்டுமே நிலமோ நீரோ என்பதைச் சிதறல் தீர்மானிக்கும். கண்டத்தின் வடிவு மனிதன் கருதியது. கரையின் நெளிவு கணிதம் அளித்தது. கரை முழுவதும் ஒரே நெளிவோடு இருத்தலும் பொருந்தாது. பனிக்கட்டியாறுகள் அறுத்த நோர்வேயின் கரை ஆழமாகப் பிளவுபட்டது. மணலை அலைகள் பரப்பிய கரை நேரானது. குளிர்மிகு பகுதிகளில் நெளிவை மிகுத்தும் பிறவிடங்களிற் குறைத்தும் அமைப்பவன் காரணத்தைத் தொடத் தொடங்கிவிட்டான்.

உயரமும் ஒளியும்

நிலத்தின் உயரத்தையும் சாம்பல் நிறப் படிகளாற் குறிக்கலாம். கருமை கடல்மட்டம், வெண்மை மிகவுயர்ந்த கொடுமுடி. ஆயின் ஈண்டு ஓர் எண்கணக்கு நோக்கத்தக்கது. 256 படிகளையுடைய எட்டுப் பிற்றுப் படத்தில், மிகவுயர்ந்த முடியை 5,100 மீற்றர் எனக் கொண்டால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 20 மீற்றர் வேறுபாடு உண்டாம். ஆதலின் சமவெளி, சமவெளியாகத் தோன்றாது வயற்படிகள் போலத் துண்டுபட்டுத் தோன்றும். பல்லாயிரம் படிகளை அளிக்கும் பதினாறு பிற்று முறையைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளின் இக்குறை நீங்கும். கிம்ப் மென்பொருளில் இவ்வசதி 2018இல் வெளியான 2.10ஆம் பதிப்போடு வந்தது.

மலைகளை எங்கு வைப்பது என்பது அடுத்த வினா. சிதறற் கட்டளை மலைகளை எங்கும் புள்ளிகளாகத் தூவிவிடும். இயற்கையில் அவை தொடராகவே அமைகின்றன. புவியின் மேலோடு பல தகடுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கின்றது. இரு தகடுகள் ஒன்றையொன்று நெருக்குமிடத்து மலைத்தொடர் எழுகின்றது. இந்தியத் தகடு ஆசியாவை முட்டியதால் இமயம் எழுந்தது. கடற்றகடு கண்டத்தின்கீழ் அமிழ்வதால் தென்னமெரிக்காவின் மேற்கு விளிம்பு நெடுக அந்தீஸ் நிற்கின்றது. இரு கடற்றகடுகள் நெருங்குமிடத்து வில்போல் வளைந்த தீவுத்தொடர் தோன்றுகின்றது. ஆகவே, மலையை வரையுமுன் தனி அடுக்கொன்றில் தகடுகளின் எல்லைகளையும் அவை நகருந் திசைகளையும் அம்புக்குறிகளால் வரைந்துகொள்ளல் நன்று. முடிந்த படத்தில் அவ்வடுக்கு மறைக்கப்படும். எனினும் அதன் பயன் படமெங்கும் நிற்கும்.

உயரப்படத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்துவது நிழல். 'பம்ப் மப்' போன்ற கட்டளைகள், ஒவ்வொரு புள்ளியையும் அதன் அயற்புள்ளிகளோடு ஒப்பிட்டு, ஒளியை நோக்கிய சரிவை வெளுப்பாகவும் எதிர்ச்சரிவைக் கருமையாகவும் மாற்றுகின்றன. ஒளி இடப்பக்க மேன்மூலையிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து, வருவதாகக் கொள்ளுதல் படவரைகலையின் மரபு. வட அரைக்கோளத்தின் பெரும்பகுதியில் நண்பகற் சூரியன் அத்திசையில் நிற்பதில்லை. ஆயினும் மனிதர் கண் மேலிருந்து வரும் ஒளிக்கே பழகியது. ஒளியைக் கீழ்ப்புறத்திலிருந்து வரச்செய்யின் மலை பள்ளமாகவும் பள்ளத்தாக்கு மேடாகவும் காட்சியளிக்கும். ஓரே படத்தில் இரு அடுக்குகளின் ஒளி இரு திசைகளிலிருந்து வருதலும் பயில்வோரிடம் அடிக்கடி காணப்படும் பிழையாகும்.

நீரின் தீர்ப்பு

இவ்வளவுஞ் செய்தபின்னரும் படத்தில் ஏதோ ஒரு குறை தோன்றும். மலை உண்டு, நிழல் உண்டு, கரை உண்டு. எனினும் அது நிலம் எனத் தோன்றாது கசங்கிய தாள் எனவே தோன்றும். இதன் காரணம் நீரின் செயல் அங்கு இல்லாமையே. சிதறற் கணிதத்தால் விளைந்த பரப்பில் எண்ணிறந்த குழிகள் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு வழி இல்லை. அந்நிலத்தில் மழை பெய்தால் ஒவ்வொரு குழியும் தனித்தனிக் குளமாய் நிறையும். கடலை அடையும் ஆறு அரிதினும் அரிதாகும். மெய்யான நிலத்திலோ, பல்லாயிரம் ஆண்டுகளாக ஓடிய நீர் தடைகளை அறுத்தும் பள்ளங்களைத் தூர்த்தும் கடலுக்கு வழி செய்துவிட்டது. அங்கே பள்ளத்தாக்குகள் ஒன்றோடொன்று இணைந்து, மரத்தின் சிறுகிளைகள் பெருங்கிளையிற் சேருமாறு போலச் சேர்கின்றன. மேகக் கட்டளைக்கு மழை தெரியாது. இதுவே கணினித் தோற்றத்திற்கும் இயற்கைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு.

இதனைத் திருத்த இரு வழிகள் உள. 'வில்பர்' போன்ற தனி மென்பொருள்களுக்கு உயரப்படத்தை அளித்தால், அவை குழிகளை நிரப்பி, நீர் செல்லும் வழியைக் கணித்து, பள்ளத்தாக்குகளை அறுத்துத் தரும். அன்றேல், பயில்வோன் தானே தூரிகையாற் பள்ளத்தாக்குகளைக் கருமையாக்கி இணைத்துக்கொள்ளலாம். பின்னைய வழி நெடிது. ஆயினும் கல்விக்குச் சிறந்தது. ஆற்றை முகத்துவாரத்திற் தொடங்கி மலையை நோக்கி மேலே வரைந்து செல்வது நலம். மேலேறுகையில் ஆறு கிளைகளாகப் பிரியும். எனவே நீரோட்டத்தின் வழியிற் பார்க்கும்போது அவை கூடுவனவாக அமையும். மலையிலிருந்து கீழ்நோக்கி வரைவோர், கிளை பிரித்தலில் ஆசை மிகுந்து, ஓடும் வழியிலேயே ஆற்றை இரண்டாகப் பிளந்து இரு கடல்களில் விட்டுவிடுவர்.

பயில்வோர் மனத்திற் கொள்ளத்தக்க நெறிகள் சில உள. ஆறு உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்திற்கே ஓடும். ஆறுகள் கூடும், கழிமுகம் ஒழிந்த பிறவிடங்களில் நிலையாகப் பிரிதல் மிக அரிது. ஏரிக்கு நீர் வரும் வழி பலவாயினும், வெளியேறும் வழி பெரும்பாலும் ஒன்றே. ஏனெனில் விளிம்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் வழியும் நீர் அவ்விடத்தையே மேலும் அறுத்துச் செல்லும். இந்நெறிகளுக்கு விலக்கும் உண்டு. தென்னமெரிக்காவில் ஒரினோக்கோ ஆற்றினின்றும் பிரியும் கசிகியாரே என்னும் ஆறு, அதன் நீரில் ஒரு பகுதியை அமேசன் வடிநிலத்திற்குக் கொண்டு செல்கின்றது. 1800இல் ஹம்போல்ற் அதன் வழியே பயணஞ் செய்தார். அவ்வாறு உலகப்புகழ் பெற்றதே அதன் அருமைக்குச் சான்று. விலக்கை வரைய விரும்புவோன், அதனை அறிந்து, காரணங் காட்டி வரைக.

பாறையின் இயல்பையும் மறத்தலாகாது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் மேற்பரப்பில் ஓடாது கீழிறங்கிவிடும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லாமையும், மாரியில் மட்டும் பாயும் வழுக்கியாற்றின் அருமையும், கிணற்றை நம்பிய வேளாண்மையும் இதன் விளைவுகளே. அத்தகைய சமதளச் சுண்ணாம்பு நிலத்தைத் தன் கற்பனை உலகில் வகுத்து, அதன்மீது பேராறு ஒன்றையும் ஓடவிடுபவன், தன் காலடியில் உள்ள நிலத்தை நோக்காதவனாவான்.

காற்றும் நிறமும்

படத்திற்கு நிறமூட்டுகையில், உயரத்திற்கேற்ப நிறம் மாற்றும் கட்டளையொன்று ஆயத்தமாக உண்டு. தாழ்நிலத்திற்குப் பச்சை, மேட்டிற்கு மஞ்சள், மலைக்குக் கபிலம், முடிக்கு வெண்மை எனப் பள்ளித் தேசப்படங்களிற் பழகிய முறை அது. அம்முறையிற் பச்சை என்பது தாழ்வைக் குறிக்குமேயன்றிச் செழிப்பைக் குறியாது. கடல்மட்டத்திற்கு 133 மீற்றர் கீழே தாழ்ந்துள்ள எகிப்தின் கற்றாராப் பள்ளம் அம்முறையிற் கரும்பச்சையாகும்; உண்மையில் அது பாலைநிலம். விண்ணிலிருந்து கண்டாற்போன்ற படம் வேண்டுமாயின், நிறத்தை உயரம் மட்டும் தீர்மானித்தல் ஆகாது. மழை தீர்மானித்தல் வேண்டும்.

மழையைத் தீர்மானிப்பது காற்று. மத்தியகோட்டின் அருகே வெப்பத்தால் எழும் காற்று மழையைச் சொரிந்துவிட்டு, இருபுறமும் ஏறக்குறைய 30 பாகை அகலாங்கின் அயலில் வறண்டு இறங்குகின்றது. உலகின் பெரும்பாலைகள் பல அவ்வயலிலேயே உள்ளன. மலையின் காற்றெதிர்ப் பக்கம் நனையும், மறுபக்கம் மழையொதுக்காகும். மேலைக்காற்று மோதும் தென் சிலியின் மலைச்சரிவு ஈரக்காடு. அந்தீஸைக் கடந்து கிழக்கே இறங்கினால் பற்றகோனியாவின் வறள்வெளி. எனவே, காற்றின் திசையை ஓர் அடுக்கில் வரைந்து, நனையும் இடத்தையும் காயும் இடத்தையும் வேறோர் அடுக்கில் நிறவேறுபாட்டாற் குறித்து, அதன்பின்னரே காட்டையும் பாலையையும் தீட்டல் வேண்டும். தகடு மலையைத் தந்தது. மலை மழையைப் பகுத்தது. மழை ஆற்றையும் காட்டையும் தந்தது. ஆற்றோரத்தில் ஊர் எழும். ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாக நிற்கும் இத்தொடர்பு அறாதவிடத்துப் படம் தானே நம்பிக்கையை விளைக்கும்.

அளவும் உருண்டையும்

உலகம் உருண்டை, திரையோ தட்டை. மத்தியகோட்டுச் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. ஆன ஓர் உலகை 4,000 புள்ளி அகலமுள்ள படத்தில் அடக்கினால், ஒரு புள்ளி 10 கி.மீ. ஆகும். ஏறக்குறைய 435 கி.மீ. நீளமும் 225 கி.மீ. அகலமுமுடைய இலங்கை, அவ்வளவில் நீளத்தில் 43 புள்ளிகளையும் அகலத்தில் 22 புள்ளிகளையுமே கொள்ளும். அத்தகைய படத்தில் ஆறொன்று மூன்று புள்ளி அகலமாக வரையப்பட்டால், அது 30 கி.மீ. அகலமான ஆறு என்றாகிவிடும். ஆதலின் உலகப்படத்தில் ஆறு ஓர் அடையாளக் கோடேயன்றி உருவப்படம் அன்று என்பது உணரத்தக்கது.

துருவத்தை அணுகுந்தோறும் தட்டைப்படம் நிலத்தை இழுத்து விரிக்கும். 1569இல் மேர்கேற்றர் அமைத்த எறியத்தில், 60 பாகை அகலாங்கில் நீளம் இருமடங்காகவும் பரப்பு நான்மடங்காகவுந் தோன்றும். பரப்பில் ஆபிரிக்கா கிறீன்லாந்தைப் போல் ஏறக்குறைய 14 மடங்கு பெரிதாயினும், அப்படத்தில் இரண்டும் ஒப்பனவாகத் தோன்றுவது இதனாலேயே. எறியம் இன்னது எனத் தீர்மானியாது வரைந்த உலகப்படம், உருண்டையிற் பொருத்திப் பார்க்கையிற் துருவங்களில் நசுங்கிச் சிதையும்.

தன் பிழை எங்குள்ளது என அறிய ஒரு சோதனை உண்டு. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'எண்டெவர்' விண்ணோடம் 11 நாட்களில் புவியின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கின் உயரத்தை ரேடாரால் அளந்தது. அவ்வளவைகள் எவரும் இலவசமாகப் பெறக்கூடியவை. அவற்றுள் ஒரு துண்டை எடுத்து, தான் தன் கற்பனை நிலத்திற்கு இட்ட அதே நிழலையும் நிறத்தையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். மெய்யான நிலமும் பொய்யாகத் தோன்றின், பிழை கருவியைக் கையாண்ட முறையில் உள்ளது. மெய்ந்நிலம் மெய்யாகவும் தன் நிலம் பொய்யாகவும் தோன்றின், பிழை புவியியல் அறிவில் உள்ளது. முன்னையதைத் திருத்தக் கட்டளைகளையும், பின்னையதைத் திருத்த நூல்களையும் நாடுக.

நம்பிக்கையும் உண்மையும்

காரணத்தோடு பொருந்திய படம் நம்பத்தக்கதாகும் என்பது இதுகாறும் கூறப்பட்டது. நம்பத்தக்கது யாவும் உண்மையாகுமோ என்னும் வினா இனி எழுதல் இயல்பு. இதற்கு விடையாகப் படவரைகலையின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1798இல் ஆங்கிலப் புவியியல் அறிஞர் யேம்ஸ் றெனெல், முங்கோ பார்க் என்பாரின் பயணக்குறிப்புகளைத் துணையாகக் கொண்டு மேற்காபிரிக்காவின் படத்தை வரைந்தார். நைகர் ஆறு கிழக்கு நோக்கி ஓடுவது பார்க்கின் பயணத்தால் தெளிவாயிற்று. அது தெற்கே திரும்பாமைக்குத் தடையாக ஒரு மலைத்தொடர் இருத்தல் வேண்டும் என்பது றெனெலின் ஊகம். பார்க் தொலைவிற் கண்டனவும் கேட்டனவும் அவ்வூகத்திற்கு இடந்தந்தன. 'கொங் மலைகள்' இவ்வாறு படத்தில் எழுந்தன. பின்வந்தோர் அவற்றைப் பார்த்தெழுதினர். சிலர் மேலும் நீட்டினர். பிரெஞ்சு அதிகாரி பென்ஷே 1887 முதல் 1889 வரை அந்நாட்டினூடே பயணஞ்செய்து, அத்தகைய மலைத்தொடர் யாதும் இல்லை என அறிவிக்கும்வரை, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அம்மலைகள் தாளின்மீது நின்றன. அதன்பின்னரும் எல்லாப் படங்களிலிருந்தும் அவை உடனே நீங்கவில்லை.

றெனெல் பொய்யர் அல்லர். அவர் காலத்துத் தலைசிறந்த புவியியல் அறிஞருள் ஒருவர். அவர் காட்டிய காரணமும் பொருந்தக்கூடியதே. காரணம் பொருந்தினமையாலேயே அம்மலை அவ்வளவு நெடுங்காலம் நிலைத்தது. சிறந்த கற்பனைப்படத்தை ஆக்கும் அதே அறிவு, காட்சியால் உறுதி செய்யப்படாதவிடத்து, சிறந்த பொய்ப்படத்தையும் ஆக்கவல்லது என்பது இதனாற் பெறப்படும். அன்று பல ஆண்டுப் பயிற்சி வேண்டிய அவ்வாற்றல், இன்று மேசைமீதுள்ள கணினியில் எவர்க்கும் கிட்டுகின்றது. விண்ணிலிருந்து பிடித்தது போன்ற படத்தைக் கண்டவுடன் மெய்யென நம்புவது மக்கள் இயல்பு. ஆதலின் கற்பனை நிலத்தின் படத்தில் அது கற்பனை என்பதைத் தலைப்பிலேயே எழுதுதல், வரைந்தவர் பெயரையும் வரைந்த ஆண்டையும் மூலையிற் குறித்தல், மெய்யான நாடொன்றின் கரையை மாற்றி அந்நாடே என மயங்குமாறு வெளியிடாமை ஆகிய மூன்றும் இத்தொழில் பயில்வோர்க்கு ஒழுக்கமாகும். ஸ்ரீவன்சனின் தீவை எவரும் தேடிச் சென்று ஏமாறவில்லை. அது கதையென்று சொல்லியே தரப்பட்டது. கொங் மலைகளோ உண்மை என்று தரப்பட்டன.

இப்பயிற்சியின் முடிந்த பயன் கணினியிற் சேமித்த ஒரு படம் மட்டும் அன்று. இல்லாத ஆற்றிற்கு வழி தேடியவன், இருக்கும் ஆற்றைக் காணும்போது அதன் நீர் எம்மலையிலிருந்து வருகின்றது, ஏன் இவ்விடத்தில் வளைகின்றது என வினவுவான். கற்பனை மலையின் மழையொதுக்கை வகுத்தவன், ஒரே மலையின் ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியும் கண்டு வியந்து நில்லாது காரணம் உணர்வான். பள்ளிப் படப்புத்தகத்தை மனப்பாடத்திற்கென மட்டும் திறந்த மாணவன், அதன் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு காரணம் உறைவதைக் கண்டு மீண்டும் அதனைத் திறப்பானாயின், இல்லாத உலகிற்குப் படம் வரைந்த உழைப்பு உள்ள உலகை அறிதற்கு உதவியதாகும்.